பாலிபீனாலும் துவர்ப்பியும்

தாவரங்களில் உள்ள ஒரு வேதிப்பொருள் குடும்பத்துக்குப் பாலிபீனால் என்று பெயர். அந்தச் சொல்லில் 'பாலி' கிரேக்கம். 'பல' என்று பொருள். சுவையான கதை 'பீனால்' பக்கம்தான் இருக்கிறது. 1825இல் மைக்கேல் ஃபாரடே, விளக்கெரிக்கும் வாயுவின் கசடிலிருந்து பென்சீனைப் பிரித்தார். பிறகு பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்ட் லோரான், ஒளிர்வதைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து அதற்கு 'ஃபேன்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. பென்சீனிலிருந்து பிறக்கும் பீனால், ஃபீனைல் போன்றவற்றின் பெயர்களுக்குள் மட்டும் மிச்சம் இருக்கிறது.

தமிழில் 'பல்பீனால்' என்று எழுதலாம். ஆனால் பல் மருத்துவக் கட்டுரையில் அதைப் போட்டால் பல்லுக்கான பீனால் என்றுதான் படிப்பார்கள். பாலிபீனால் என்றே விட்டுவிடுவது நல்லது.

பல்லுக்கு உதவும் வகை டானின். தோல் பதனிடப் பயன்பட்ட ஓக் மரப்பட்டையின் பெயரிலிருந்து வந்த சொல் இது. நமக்கு 'துவர்' இருக்கிறது, துவர்ப்பி என்பேன். வாயில் துவர்ப்பது எதனால்? டானின் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக்கொள்வதால்தான். தோலில் அதே பிடி கொலாஜன் என்ற புரத இழைகளை இறுக்குகிறது. எல்லாப் பாலிபீனாலும் துவர்ப்பி அல்ல என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பல்லின் கடினமான மேல்படலம் எனாமல். அதற்கு அடியில் உள்ள டென்டினின் எடையில் சுமார் 70 சதவீதம் தாது, 20 சதவீதம் கரிமப் பொருள், மீதி நீர். கரிமப் பொருளில் பெரும்பங்கு கொலாஜன். பல் அடைக்கும்போது அமிலம் தடவித் தாதுவைக் கரைப்பார்கள். வெளிப்படும் கொலாஜன் வலைக்குள், அடைப்பை ஒட்டவைக்கும் பிசின் இறங்கிப் பிடிக்க வேண்டும். முழுக்க இறங்குவதில்லை. பிசின் எட்டாத இழைகளைப் பல்லிலேயே இருக்கும் நொதிகள் ஈரத்தில் மெல்ல அரிக்கின்றன. அடைப்பின் பிடி தளர்கிறது.

இங்கேதான் திராட்சை விதையின் புரோஆந்தோசயனிடின் என்ற துவர்ப்பி வருகிறது. இழைகளுக்கிடையே ஏராளமான ஹைட்ரஜன் பிணைப்புகளை உண்டாக்கி வலையை விறைப்பாக்குகிறது, நொதிகளையும் தடுக்கிறது. குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளும் இழைகளைப் பிணைக்கும், ஆனால் நச்சு. துவர்ப்பிக்கும் தொல்லை உண்டு: பழுப்புக் கறை. முன்பல் என்றால் யோசிக்க வேண்டும். தொடக்க ஆய்வுகளில் பல்லை மணிக்கணக்கில் ஊறவைத்தார்கள். நாற்காலியில் வாய் திறந்திருப்பவரிடம் அது நடக்குமா?

அப்புறம், தேநீர் குடித்தால் இந்தப் பலன் கிடைக்காது. டென்டினை எனாமல் மூடியிருக்கிறது. முற்றிய எனாமலில் இறுக்குவதற்குக் கொலாஜன் வலையே இல்லை.