குளிர் கூடினால் பனி கெட்டியாகுமா?

வேலூர் பக்கம் ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சுவர் சரிந்து இறந்த 10 வீரர்களில் ஒருவர் நம் மாவட்டத்துக்காரர். ஆகவே பனி நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. ஆனாலும் 40 டிகிரி வெயிலில் வளர்ந்த நமக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு: குளிர் ஏற ஏறப் பனி இறுகிவிடும், அப்புறம் பயமில்லை என்று. பல நேரம் நடப்பது இதற்கு நேர்மாறு.

ஜவ்வாது மலையில் மழைத்தண்ணீர் அறுத்துக்கொண்டு இறங்கும் தடங்களைப் பார்த்திருப்பீர்கள். உயர்ந்த சிகரங்களில் பாறைச் சுவர்களுக்கு நடுவே இறங்கும் பிளவுகளில் தண்ணீருக்குப் பதில் பனி நிறைந்திருக்கும். மலையேறிகள் கூல்வார் என்பார்கள். உச்சிக்கு நேர்வழி அதுதான். மேலிருந்து உருளும் கல்லுக்கும் பனிக்கும் அதுவேதான் வழி. சரிவு பெரும்பாலும் 40 முதல் 55 டிகிரி. பனி பாளமாகப் பெயர்ந்து சரிவது அதிகம் நடப்பதோ 30 முதல் 45 டிகிரிக்குள்.

பனிக்குள் என்ன நடக்கிறது? தரையின் சூடு தேங்குவதால் அடிப்பனி பெரும்பாலும் 0 டிகிரியை ஒட்டி இருக்கும். மேற்பரப்பு மைனஸ் 20 என்று வைத்துக்கொள்வோம். பனியின் ஆழம் 1 மீட்டர் என்றால் மீட்டருக்கு 20 டிகிரி வித்தியாசம். 3 மீட்டர் என்றால் 7 டிகிரிக்கும் குறைவு. மீட்டருக்கு இந்த வித்தியாசம் சுமார் 10 டிகிரியைத் தாண்டினால், கீழே உள்ள துகள்களிலிருந்து கிளம்பும் நீராவி மேலே குளிர்ந்த துகள்களில் படியும். துகள்கள் பட்டை பட்டையாகப் பெரிதாகும், அவற்றுக்குள் இருந்த பிடிப்பு விட்டுப்போகும். அள்ளினால் சர்க்கரை போல விரலிடுக்கில் ஒழுகும், உருண்டை பிடிக்க வராது. ஆக, பனி குறைவாகவும் குளிர் அதிகமாகவும் இருக்கும் வருஷத்தைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும்.

அதன் மேல் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனி பலகையாக இறுகுகிறது. மேலே நிற்பவருக்குக் கெட்டித் தரை போலத்தான் தெரியும். காலடியில் 'வும்ப்' என்று சத்தம் கேட்டால், அடியடுக்கு நொறுங்கி உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். ஐஸ் ஆக்ஸ் என்னும் பனிக்கோடரியின் காம்பைச் செங்குத்தாக அழுத்தியும் பார்ப்பார்கள். கெட்டிப் பனி சீராக எதிர்க்கும். பாதியில் திடீரென்று உள்ளே வழுக்கினால் அங்கே சர்க்கரைப் பனி. பூட்ஸின் அடியில் மாட்டும் கிராம்பான் என்னும் இரும்புப் பல்சட்டத்தின் முன்பற்களுக்கும் அதில் பிடி கிடைக்காது.

ஏப்ரல், மே மாதங்களில் கதை வேறு. பகலில் உருகி ஊறிய தண்ணீர் இரவில் உறைந்து துகள்களை ஒட்டவைத்துவிடும். நள்ளிரவில் கிளம்புவது இதற்காகத்தான். வெயில் பட்டதும் இந்த ஒட்டு இளகும், சுவரில் பனி பிடித்து வைத்திருந்த கற்களும் கழன்று அதே பிளவில் விழும்.

குளிர்காலத்தில் இந்தச் சலுகை கிடையாது. குழி தோண்டி, 30 செ.மீ. சதுரத்தில் ஒரு பனித்தூணைத் தனியாக வெட்டி, மேலே மண்வாரியின் தகட்டை வைத்துத் தட்டுவார்கள்: மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. முதல் சில தட்டிலேயே மேல்பாளம் வழுக்கி வந்துவிட்டால் அன்று ஏற்றம் இல்லை. தாங்கிவிட்டாலும் அது அந்த ஒரு இடத்துக்கான பதில்தான். பாறைச் சுவரை ஒட்டிய ஓரங்களில் பனி மெலிந்திருக்கும், சர்க்கரைப் பனி அங்கேதான் எளிதில் உருவாகும். ஓரங்களைத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.