ஏலப் போராட்டமா, ஒப்பந்தப்புள்ளி முறையீடா?

பீளமேட்டில் கணினி நிறுவனம் நடத்தும் நண்பர், அமெரிக்கக் கூட்டாளி அனுப்பிய கடிதத்தின் தமிழாக்கத்தைக் காட்டினார். 'பிட் புரொட்டஸ்ட்' என்பது அதில் 'ஏலப் போராட்டம்' ஆகியிருந்தது. கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள் போலிருக்கிறது! ஏலமும் தவறுதான். ஏலத்தில் எதிராளி கேட்கும் விலை காதில் விழும்; ஒப்பந்தப்புள்ளியில், அதாவது டெண்டரில், அது மூடிய உறைக்குள் இருக்கும். புள்ளி என்பது இங்கே மதிப்பு. விலைப்புள்ளியில் வருகிற அதே புள்ளி.

அரசு ஒப்பந்தம் கிடைக்காமல் போனவர், தேர்வு விதிப்படி நடக்கவில்லை என்று உரிய அமைப்பிடம் எழுதிக் கொடுப்பதுதான் அந்த 'புரொட்டஸ்ட்'. அமெரிக்காவில் கணினிக் கொள்முதல் தகராறுகளை 1996 வரை தனி வாரியம் ஒன்றும் விசாரித்து வந்தது. இப்போது பெரும்பாலும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்துக்குப் போகிறார்கள். அங்கே 100 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

'புரொட்டஸ்ட்' என்ற சொல்லின் வேர் லத்தீன். 'டெஸ்டிஸ்' என்றால் சாட்சி; சாட்சிகள் முன் வெளிப்படையாக உரைப்பதே பழைய பொருள். எதிர்ப்பு என்ற பொருள் பின்னால் ஏறியது. அதனால் 'எதிர்ப்பு' என்று பெயர்ப்பது பாதிக் கிணறுதான். 'ஆட்சேபணை' வடசொல், தடை சொல்வதோடு நின்றுவிடும்.

முறையீடு என்பதே என் தேர்வு. முறை என்றால் ஒழுங்கு, நீதி, வரிசை. கீழ்பவானிப் பாசனத்தில் ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுகளுக்கு ஒரு முறை. தன் முறையில் தண்ணீர் வராவிட்டால், வாய்க்காலையே எதிர்த்து யாரும் பேசுவதில்லை. முறை தவறியது என்றுதான் கேட்பார்கள். ஒப்பந்தப்புள்ளி போட்டவரின் கேள்வியும் அதுவே.

தமிழ்நாட்டில் இதற்கான வழி, 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி மீதான ஆணை கைக்கு வந்த 10 நாட்களுக்குள் அரசிடம் போக வேண்டும். அங்கே அதன் பெயர் மேல்முறையீடு. மனுவில் அதைத்தான் எழுத வேண்டும்.

கணினிச் சேவையில் பெரும்பாலும் தொழில்நுட்பத் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை. சண்டை பெரும்பாலும் தொழில்நுட்ப உறையில்தான் மூளும். ஓர் அலுவலகத்தில் நண்பருக்கு 68 மதிப்பெண் போட்டார்கள். 70 இருந்தால்தான் விலை உறையைத் திறப்பார்கள். அனுபவச் சான்றிதழ் ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது அவர் கட்சி. மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கவே எட்டு நாள் ஓடிவிட்டது. மீதி இரண்டு நாளில், அந்தச் சான்றிதழின் நகலை மேலே வைத்துத் தைத்து, மேல்முறையீட்டைச் சென்னைக்கு அனுப்பினார்.