போலிஷ் சொல்லைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள்

வார்சாவில் தமிழ் மாணவர்களுக்குப் போலிஷ் சொல்லித்தருகிறேன். வருகிற எல்லோருக்கும் அடுக்கடுக்காக நிற்கும் மெய்யெழுத்துகளைக் கண்டுதான் பயம். நான் பார்த்தவரை, அவர்கள் பேச்சு புரியாமல் போவதற்கு அசையும் அழுத்தமும்தான் பெரிய காரணம்.

போலிஷில் எத்தனை உயிரொலியோ அத்தனை அசை. (நம் யாப்பின் நேர், நிரையை இங்கே மறந்துவிடுங்கள்.) கடைசிக்கு முந்தைய அசையில்தான் பொதுவாக அழுத்தம் விழும். நாமோ முதல் அசையை ஊன்றிப் பேசிப் பழகியவர்கள்.

'மன்னிக்கவும்' என்பதற்குப் போலிஷில் ப்ஷெ-ப்ரா-ஷாம். மூன்றே அசை, 'ப்ரா'வை அழுத்த வேண்டும். ஸ்கூலை 'இஸ்கூல்' ஆக்கும் நம் நாக்கு இதைப் 'பிஷெபிராஷாம்' என்று ஐந்து அசையாக்கிவிடுகிறது. டிராமில் ஒருவர் காலை மிதித்துவிட்டு என் மாணவர் இப்படி மூன்று முறை சொன்னாராம். மிதிபட்டவருக்குப் புரியவே இல்லை. மெய்கள் எத்தனை சேர்ந்து நின்றாலும் அசைக் கணக்கு மாறாது; இடையில் நாம் நுழைக்கும் இகரம்தான் அதைக் கெடுக்கிறது.

இன்னொரு பொறி 'ஐ' என்கிற ஆங்கில எழுத்து. போலிஷில் வேறொரு உயிருக்கு முன்னால் வந்தால் அது பொதுவாகத் தனி அசை ஆகாது. நமக்கு ம-ரி-யா மூன்று அசை. அவர்களுக்கு மார்-யா, இரண்டே அசை. ஆனால் ஆசிரியரைக் குறிக்கும் நா-உ-ச்சி-செல் என்ற சொல்லில் முதல் இரண்டையும் 'நௌ' என்று ஒட்டக் கூடாது.

அதே சொல்லில் வேற்றுமை உருபு சேரும்போது அழுத்தமும் நகர்கிறது. நா-உ-ச்சி-செல்: அழுத்தம் 'ச்சி'. 'ஆசிரியருடைய' என்றால் நா-உ-ச்சி-செ-லா: 'செ'. 'ஆசிரியர்களோடு' என்றால் நா-உ-ச்சி-செ-லா-மி: 'லா'. அகராதிச் சொல்லின் அழுத்தத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

சரி, விலக்குகள்? மா-தெ-மா-தி-கா போன்ற கிரேக்க, லத்தீன் வழிச் சொற்களில் கடைசியிலிருந்து மூன்றாம் அசை. 'செய்தோம்' என்னும் ஸ்ரொ-பி-லி-ஷ்மியிலும் அப்படியே, 'பி'யில். அந்த 'ஷ்மி' ஒரு காலத்தில் தனிச்சொல்லாக இருந்து வந்து ஒட்டியது. அதனால் கணக்கில் சேராது. 'செய்திருப்போம்' என்னும் ஸ்ரொ-பி-லி-பி-ஷ்மியில் கடைசியிலிருந்து நான்காம் அசை. பேச்சில் போலந்துக்காரர்களே இவற்றைக் கடைசிக்கு முந்தைய அசைக்கு மாற்றிவிடுவதுண்டு. அதனால் தொடக்கத்தில் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வகுப்பில் நீண்ட சொல் வந்தால் வாலிலிருந்து தொடங்குவோம்: மி, லா-மி, செ-லா-மி, ச்சி-செ-லா-மி. 'லா' மேசையில் ஒரு தட்டு வாங்கிக்கொண்டே வரும்.