நான்கு மரணமும் பதினான்கு மரணமும்

1947ல் பிரிட்டனில், நுரையீரல் காசநோய் தீவிரமாகியிருந்த 107 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் படுக்கை ஓய்வும். மற்ற 52 பேருக்கு ஓய்வு மட்டும். போர் முடிந்த நேரம். எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்கு மருந்தே இல்லை. யாருக்கு எது என்று மருத்துவர்கள் முடிவு செய்யவில்லை. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் தற்செயல் எண்களைக் கொண்டு தயாரித்த மூடிய உறைகள் முடிவு செய்தன.

ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்தார்கள். மற்ற குழுவில் 14 பேர்.

சரி, இது மருந்தின் வேலையா, குலுக்கலின் வேலையா? மருந்தால் ஒரு பயனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இறந்த 18 பேரும் எந்தக் குழுவுக்குப் போயிருந்தாலும் இறந்திருப்பார்கள். 107 பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி 55 சீட்டை எடுத்தால், இறந்தவர்களின் சீட்டு சராசரியாக ஒன்பது வரும். நான்கோ அதற்குக் குறைவாகவோ வருவது ஆயிரம் குலுக்கலில் ஏறக்குறைய ஆறு தடவைதான். எதிர்ப்பக்கம், அதாவது இறந்தவர்களின் சீட்டு அதிகமாக வந்து, இதே அளவு அபூர்வமாக விழுபவற்றைச் சேர்த்தாலும் நூற்றில் ஒன்றைத் தாண்டாது. பி-மதிப்பு என்பது இந்த எண்தான். நோயாளிகளைப் பிரித்ததே குலுக்கலில் என்பதால்தான் இந்தக் கணக்கு செல்லும். மருத்துவரே ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் இதற்குப் பொருளே இருந்திருக்காது.

ஆனால் ‘மருந்து வீணாக இருக்க ஒரு சதவீத வாய்ப்பு’ என்று இதைப் படிப்பது தவறு. மருந்து வீண் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. எவ்வளவு பயன் என்பதையும் அது சொல்லாது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்கவேண்டியது அந்த அளவைத்தான். இறப்பு 27 சதவீதத்திலிருந்து 7 ஆனது, அதாவது நூறு பேருக்கு 20 மரணம் குறைவு. ஆள் குறைவான ஆய்வு என்பதால் அந்த இருபதை அப்படியே நம்ப முடியாது. உண்மையான அளவு எங்கே இருக்கலாம் என்று காட்டும் வரம்பை, அதாவது 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைப் போட்டால், நூறு பேருக்கு 6 முதல் 34 மரணம் வரை குறைவு என்று வருகிறது. பயன் உண்டு என்பது தெளிவு, எவ்வளவு என்பது மங்கல்.

அப்புறம், எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது ஊசிக் குழுவில் 32 பேரும் மற்றதில் 35 பேரும் இறந்திருந்தார்கள். ஊசி போட்டவர்கள் பலருடைய உடலில், ஆய்வு நடக்கும்போதே கிருமி மருந்துக்கு மசியாததாக மாறிவிட்டது. அதனால்தான் அடுத்த ஆய்வில் பாஸ் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1950ல் வந்த அதன் முடிவில், மருந்துக்கு மசியாத கிருமி தோன்றுவது வெகுவாகக் குறைந்திருந்தது.