‘நண்பருக்கு அனுப்புகிறேன்’ என்று டிக் அடிக்கும் முன்

மார்த்தாண்டத்தில் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ரப்பர் ஷீட் வியாபாரம், முந்திரிப்பருப்பு உடைக்கிற அண்டி ஆபீஸ், பாத்திரக்கடை என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவர்களின் கணக்குதான் என்னிடம் வரும். இப்போது கடையே இல்லாமல் விற்கிறவர்கள் கூடிவிட்டார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் தேன், அடினியம் செடி, வடசேரிக் கோயில் நகை, லீவுக்கு வந்த கல்ஃப்காரர் விற்றுவிட்டுப் போகிற போன், பழைய வாட்ச் என்று எல்லாம் போகிறது. இவர்களின் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தால், பணம் வந்த வரிக்கு எதிரே பாதிக்கு மேல் ‘கிஃப்ட்’, ‘ஃபேமிலி’, ‘ஹேண்ட் லோன்’ என்று இருக்கும். இது என்ன என்று கேட்டால், “கமிஷன் போகாம இருக்க நான்தான் சார் அப்படிப் போடச் சொன்னேன், அதுல என்ன தப்பு?” என்பார்கள்.

கேட்கிறவர்கள் திருடர்கள் இல்லை. கேள்வியும் நியாயமானதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் கட்டாமல் இருப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நாகர்கோவில்காரர் ஒருவர் பழைய போனை விற்கிறார், தக்கலையிலிருந்து ஒருவர் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து போனைக் கையில் வாங்கி, சிம் போட்டுப் பார்த்து, பில் கேட்டு, பிடித்திருந்தால் அங்கேயே யூபிஐயில் பைசா அனுப்பிவிட்டுப் போகிறார். இதில் யாருக்கும் ஒரு ரூபாய் கட்டணம் போகவில்லை, போக வேண்டிய தேவையும் இல்லை. பொருளை இருவரும் பார்த்தாயிற்று, பணமும் பொருளும் ஒரே நேரத்தில் கை மாறியாயிற்று. நடுவில் ஆள் எதற்கு?

பிரச்சினை தொடங்குவது பொருள் பார்சலில் போகும்போது. அதாவது, ஒருவர் முதலில் பணத்தை விட வேண்டும் அல்லது இன்னொருவர் முதலில் பொருளை விட வேண்டும் என்ற நிலை வரும்போது. அந்த இடைவெளியில் நிற்பதற்குத்தான், ஆன்லைனில் பணம் அனுப்பவும் வாங்கவும் உதவுகிற பேபால் மாதிரி கம்பெனிகளும் கார்டு நிறுவனங்களும் சதவீதக் கணக்கில் வாங்குகின்றன. பணத்தை அங்கிருந்து இங்கே தள்ளுவதற்கான கூலி என்று நம் ஆட்கள் அதை நினைக்கிறார்கள், அதனால்தான் ‘ஒரு பட்டனை அமுக்குறதுக்கு இவ்வளவா’ என்று எரிச்சல் வருகிறது. உண்மையில் அந்தக் கட்டணத்தில் ஒரு பஞ்சாயத்துக்காரரின் சம்பளமும் அடக்கம். பேபாலில் பொருளுக்கான பணம் என்று அனுப்பினால், பொருள் வரவில்லை, சொன்ன மாதிரி இல்லை என்று வாங்கியவர் 180 நாட்கள் வரை புகார் எழுப்பலாம். அதே பணத்தை ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற வழியில் அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பொருள் விற்கிறவர் அந்த வழியில் அனுப்பச் சொல்லிக் கேட்கக் கூடாது என்பது அவர்களின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, நாம் யாரும் படிக்காமல் ‘சம்மதம்’ கொடுத்த அந்த ஒப்பந்தத்தில்.

என்னிடம் வந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான்.

தம்பி ஒருவர் பழைய எச்எம்டி வாட்சுகளைத் தேடி வாங்கி, சரிசெய்து, வெளிநாட்டில் சேகரிப்பவர்களுக்கு விற்கிறார். எச்எம்டி வாட்ச் கம்பெனி 2016இல் மூடப்பட்ட பிறகு கையால் சாவி கொடுக்கிற அந்த மாடல்களுக்கு வெளியே நல்ல கிராக்கி. இந்தியாவில் பேபாலின் உள்நாட்டுச் சேவை 2021 ஏப்ரலோடு நின்றுவிட்டது, வெளிநாட்டோடு நடக்கிற வியாபாரத்துக்கு மட்டும் இருக்கிறது. நண்பர் கணக்கில் அனுப்புகிற வசதி இந்தியக் கணக்குகளுக்கு 2010இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. வியாபாரமாக வாங்கினால் கட்டணமும் டாலரை ரூபாயாக மாற்றும்போது போகிற வித்தியாசமும் சேர்ந்து நன்றாகவே கடிக்கும். அதனால் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தார். “சித்தப்பா மவன் இங்கிலாந்துல இருக்காம்லா சார், அங்க உள்ளவங்ககிட்ட அவன் கணக்குக்கு ஃப்ரெண்ட்னு அனுப்பச் சொல்லிருவேன். அவன் மொத்தமா சேர்த்து எனக்கு வீட்டுச் செலவுக்குன்னு போட்டுருவான்.”

இதில் எத்தனை பேரிடம் பொய் சொல்லப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். வாங்குகிறவரைக் கொண்டு பேபாலிடம் ஒரு பொய். அங்கிருந்து பணம் அனுப்பும்போது குடும்பப் பராமரிப்பு என்று இங்குள்ள வங்கியிடம் இன்னொரு பொய். வங்கியில் வெளிநாட்டுப் பணம் வரும்போது அது எதற்கான பணம் என்று காட்ட ஒரு பர்ப்பஸ் கோடு போடுவார்கள், குடும்பப் பராமரிப்புக்கு அது பி1301. ஏற்றுமதிப் பணத்துக்கு வேறு கோடு. ஏற்றுமதி செய்த பொருளுக்கான பணம் அந்தப் பெயரிலேயே உள்ளே வர வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் அடிப்படை. வியாபாரமாகப் பொருளை வெளியே அனுப்ப ஐஇசி என்கிற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும் என்பதையும் அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை.

அப்புறம் வருமான வரி. இங்கேதான் அவர் முகம் மாறியது. சித்தப்பா மகன் நம் ஊரில் தம்பிதான், கல்யாண வீட்டில் முன்வரிசையில் நிற்பான், ஆனால் வருமான வரிச் சட்டத்தில் ‘உறவினர்’ பட்டியலில் அவன் இல்லை. கூடப்பிறந்தவர், அவர்களின் கணவன் மனைவி, அப்பா அம்மாவுடன் பிறந்தவர்கள் எல்லாம் வருவார்கள், சித்தப்பாவே வருவார், அவர் மகன் வரமாட்டான். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருகிற அன்பளிப்பு ஒரு வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகைக்கும் வரி. வியாபாரம் என்று ஒழுங்காகக் காட்டியிருந்தால் வாட்ச் வாங்கின விலை, ஸ்ட்ராப், ரிப்பேர், தபால் செலவு எல்லாம் கழித்து மீதி லாபத்துக்கு மட்டும்தான் வரி வந்திருக்கும். கட்டணத்தை மிச்சம் பிடிக்க அன்பளிப்பு ஆக்கினதில், கழிக்க முடிந்த செலவையெல்லாம் அவரே அழித்துவிட்டார்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. ஒரு வாட்சின் டயல் ஒரிஜினல் இல்லை, பிற்பாடு யாரோ பெயின்ட் அடித்தது என்று வாங்கியவர் கண்டுபிடித்திருக்கிறார். பழைய எச்எம்டியில் இது சகஜம், தம்பிக்கே தெரியாமல்கூட இருந்திருக்கலாம். அவர் எழுதிக் கேட்டதற்கு தம்பி பதில் போடவில்லை. “அவருக்கு இனி ஒண்ணும் பண்ண முடியாது சார்” என்றார், சாதாரணமாக. பேபாலிடம் புகார் போட்டாலும் அங்கே அது நண்பருக்குக் கொடுத்த பணம். பணம் போன கணக்கு விற்றவருடையதே அல்ல. கட்டணம் மிச்சமானது விற்றவருக்கு, அந்த மிச்சத்துக்காகத் தன் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தது வாங்கியவர். அப்படி விட்டுக்கொடுக்கிறோம் என்று அவரிடம் யாரும் தெளிவாகச் சொல்லவும் இல்லை.

நான் இதை வைத்துத்தான் நியாயம் அநியாயத்தைப் பார்க்கிறேன். மிச்சம் யாருக்கு, ரிஸ்க் யாருக்கு, ரிஸ்க் எடுப்பவருக்கு அது தெரியுமா? மூன்றும் சரியாக இருந்தால், அதோடு யாரிடமும் பொய்யான காரணம் எழுதிக் கொடுக்காமல் இருந்தால், கட்டணம் கட்டாத வியாபாரத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது.

‘அவ்வளவு பெரிய அமெரிக்கக் கம்பெனிக்கு நம்ம நாலு காசு போனா என்ன, போகாட்டி என்ன’ என்கிற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். கம்பெனி பெரிது என்பதில் சந்தேகமில்லை. அந்தக் கட்டணம் அதிகம் என்று எனக்கும் தோன்றும். அப்படியென்றால் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு வேறு வழியில் வியாபாரம் பண்ணுங்கள், அது உங்கள் உரிமை. அவர்களின் ரோட்டிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு, டோலில் மட்டும் ஆம்புலன்ஸ் என்று சொல்வது சரியில்லை. பிடிபட்டால் கணக்கை முடக்கி, உள்ளே கிடக்கிற பணத்தை 180 நாள் வரை நிறுத்திவைக்கவும் அவர்களுக்கு ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது. அப்போது என்னிடம் வந்து அநியாயம் என்று சொல்லாதீர்கள்.

சரி, உள்நாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே குழப்பம் வேறு மாதிரி. பேமென்ட் கேட்வே, அதாவது ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற சேவை, வைத்து விற்றால் பொதுவாக 2 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 100 ரூபாய்க்கு 2 ரூபாய் 36 காசு போகும். அதனால் ‘என் சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க’ என்கிறார்கள். ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து வருகிற யூபிஐ பணத்துக்கு வியாபாரியிடம் எம்டிஆர் என்கிற பரிமாற்றக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. (செலவு இல்லாமல் இல்லை, அரசு ஊக்கத்தொகை கொடுக்கிறது. 2024-25க்கு அதற்காக 1,500 கோடி ரூபாய் அளவில் ஒதுக்கினார்கள். நம் வரிப்பணம்தான்.) ஆகவே வங்கியில் வியாபாரக் கணக்குக்கான க்யூஆர் வாங்கி வைத்தாலே வேலை முடியும். அப்படியும் சொந்த நம்பரையே பிடித்துத் தொங்குகிறவர்கள் கட்டணத்துக்காக அதைச் செய்யவில்லை, விற்பனை வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான். அதுவும் பலிப்பதில்லை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யூபிஐ வரவை வைத்தே சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பி, அது பெரிய சர்ச்சையானது நினைவிருக்கும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும். களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்கு ஒரு பார்சல் போனால் அது கேரளா, வேறு மாநிலம். வரி உள்ள பொருளை மாநிலம் விட்டு மாநிலம் விற்க, கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகளைத் தவிர, தொகை எவ்வளவானாலும் பதிவு வேண்டும். வீட்டிலிருந்த சோபாவை விற்பதற்கு இது பொருந்தாது, தொழிலாகச் செய்கிறவர்களுக்குத்தான்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்களே பின் நம்பர் போட்டுத் தனி நபருக்கு அனுப்பிய யூபிஐ பணத்தை, ஏமாந்தேன் என்பதற்காக வங்கி திருப்பித் தந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. வாடிக்கையாளரின் பொறுப்பைக் குறைத்து 2017இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு, உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றத்துக்கானது. ‘கேட்வே சார்ஜை உங்களுக்கே குறைத்துத் தருகிறேன்’ என்று விற்பவர் சொன்னால், 5,000 ரூபாய் பொருளில் குறைவது நூற்றுச் சொச்சம் ரூபாய். அதற்குப் பதிலாக 5,000 ரூபாயையும் முகம் தெரியாத ஒருவரின் நாணயத்தில் வைக்கிறீர்கள். வைக்கலாம், தெரிந்தே வையுங்கள். ஏமாந்துவிட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள், பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த அதுதான் வழி.

விற்கிறவருக்கும் ஆபத்து இருக்கிறது. பொருளைக் கேட்டது ஒருவர், பணம் வந்தது வேறொருவர் கணக்கிலிருந்து. “அண்ணன் அக்கவுண்ட்” என்பார்கள். அது யாரோ ஒரு வடமாநிலத்து ஆளிடம் ஏமாற்றிய பணமாக இருந்தால், அங்கே கொடுத்த புகாரில் உங்கள் கணக்கை முடக்குவார்கள். அப்போது இது விற்பனைப் பணம் என்று காட்ட பில் வேண்டும், பார்சல் ரசீது வேண்டும், பேசிய மெசேஜ் வேண்டும். நீங்கள் குறிப்பில் ‘ஹேண்ட் லோன்’ என்று போடச் சொல்லியிருந்தால் உங்கள் கையாலேயே உங்களுக்கு எதிரான சாட்சியை உண்டாக்கிவிட்டீர்கள்.

ஒரு காலத்தில் விபிபியில் புத்தகம், மருந்து எல்லாம் வாங்கினோம். தபால்காரரிடம் பணம் கொடுத்தால்தான் பார்சல் கைக்கு வரும், அதற்குத் தபால் துறை தனியாகக் காசு வாங்கியது, அதை யாரும் கொள்ளை என்று சொல்லவில்லை.

வாட்ச் தம்பி இப்போது ஐஇசி எடுத்துவிட்டார். கட்டணத்தை விலையிலேயே சேர்த்துப் போடுகிறார், டயல் மறுபெயின்ட் என்றால் அதையும் எழுதுகிறார். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் ‘முன்னால மாதிரி நண்பர் வழியில் அனுப்புகிறேன், குறைத்துக் கொடு’ என்று இன்னும் கேட்கிறார்களாம். மாட்டேன் என்கிறார், ஒன்றிரண்டு பேர் போய்விட்டார்கள். டயல் பற்றி எழுதிக் கேட்ட அந்த இங்கிலாந்துக்காரருக்குப் பாதிப் பணத்தையாவது திருப்பி அனுப்பினாரா என்று கேட்டேன். “பேசிட்டு இருக்கோம் சார்” என்றார். அடுத்த ரிட்டர்னுக்கு வரும்போது மறுபடி கேட்பேன்.