கம்பெனி பிழைத்தது, பங்கு?

இந்த வரி சீசனில் ரிட்டர்ன் போட என்னிடம் வந்து இதே கதையைச் சொன்னவர்களில் இவர் நான்காவது ஆள். டிட்ராய்ட் பக்கம் வீடு, கார் கம்பெனியில் பதினோரு வருட வேலை. சேமிப்பைக் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் அதே கம்பெனியின் பங்கு. "ஏன் தம்பி, எல்லாத்தையும் இங்கேயே போட்டு வச்சிருக்கீங்க?" என்றேன். "2009லயே அரசாங்கம் கைவிடலையே அக்கா. இப்ப மட்டும் விட்டுடுமா?"

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அரசாங்கம் கைவிடவில்லைதான். யாரைக் கைவிடவில்லை?

2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு போட்டது. அடுத்த மாதமே ஷெவர்லே, காடிலாக், நல்ல ஆலைகள் எல்லாம் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனிக்குக் கைமாறின. பழைய கம்பெனி 'மோட்டார்ஸ் லிக்விடேஷன்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, கடனையும் மூடிய ஆலைகளையும் கட்டிக்கொண்டு அழுதது. புதியதில் அமெரிக்கக் கருவூலத்துக்கு 60 சதவீதத்துக்கும் சற்று அதிகம், தொழிற்சங்க ஓய்வூதியர்களின் மருத்துவ நிதிக்கு 17.5, கனடா தரப்புக்கு ஏறக்குறைய 12, பழைய கடன்காரர்களுக்கு 10. கூட்டிப் பாருங்கள், நூறு வந்துவிடும். பழைய பங்குதாரருக்கு அதில் இடமே இல்லை. அவர் கையில் இருந்த காகிதம் பழைய கம்பெனியோடு போய் 2011ல் ரத்தானது. 2010 நவம்பரில் 33 டாலருக்குச் சந்தைக்கு வந்தது வேறு பங்கு. பெயர் ஒன்று, பங்கு வேறு.

இன்னொரு கூத்தும் நடந்தது. புதுக் கம்பெனியின் பங்குதான் மலிவாகக் கிடைக்கிறது என்று நினைத்துப் பழைய பங்கை வாங்கிக் குவித்தார்கள். சந்தைக் கண்காணிப்பு அமைப்பு வர்த்தகத்தை நிறுத்தி, பழைய பங்கின் வர்த்தகப் பெயர்ச் சுருக்கத்தையே மாற்ற வேண்டி வந்தது.

காப்பாற்றிய அரசாங்கமே போட்ட 49.5 பில்லியன் டாலரில் 11 பில்லியனுக்கு மேல் இழந்தது. "ஃபோர்டு திவாலாகலையே" என்பீர்கள். 2006லேயே தன் சின்னமான நீல முத்திரை உட்பட எல்லாவற்றையும் அடகு வைத்து 23.6 பில்லியன் திரட்டி வைத்திருந்ததால் தப்பியது. அப்படியும் 2008 நவம்பரில் அதன் பங்கு ஒரு டாலர் வரை இறங்கியது.

இப்போது திவால் வரப்போகிறது என்று நான் சொல்லவில்லை. பிக்கப் டிரக் விற்றுக் காசு பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஃபோர்டின் மின்கார்ப் பிரிவு 2023ல் 4.7 பில்லியன், 2024ல் ஏறக்குறைய 5.1 பில்லியன் நட்டம். ஜெனரல் மோட்டார்ஸ் தானியங்கி டாக்ஸியில் 10 பில்லியனுக்கு மேல் கொட்டிவிட்டு 2024 டிசம்பரில் கைகழுவியது. மின்காருக்கான 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பரோடு முடிந்தது. மேலே இறக்குமதி வரி வேறு. பத்து வருடம் கழித்து யார் நிற்பார் என்று அடித்துச் சொல்பவரிடமிருந்து தள்ளியே இருங்கள்.

நம்மவர்களுக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. சம்பளம், விசா, வீடு மூன்றும் ஒரே கொம்பில் தொங்குகின்றன. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு வழி தேடப் பொதுவாக 60 நாள்தான் கெடு. அதே நேரம் பக்கத்து வீட்டுக்காரரும் வேலையிழந்து வீட்டை விற்கப் போடுவார், உங்கள் வீட்டு விலையும் படுக்கும். அந்தச் சமயத்தில் கைகொடுக்க வேண்டிய சேமிப்பும் அதே கம்பெனிப் பங்கா?

ஆர்எஸ்யூ, அதாவது சம்பளத்தோடு கம்பெனி தரும் பங்கு, கைக்கு வந்த அன்றே அது சம்பளமாகக் கணக்காகி வரி பிடித்தாகிவிட்டது. அன்றே விற்றால் புதிதாக வரி என்று பெரிதாக ஒன்றும் வராது. விற்காமல் வைத்திருப்பது, சம்பளப் பணத்தில் கம்பெனிப் பங்கு வாங்குவதற்குச் சமம். போனஸைப் பணமாகக் கொடுத்திருந்தால் அத்தனைக்கும் அந்தப் பங்கையே வாங்கியிருப்பீர்களா? இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் 'ஆமாம்' என்றதில்லை.

401-கே என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் உங்கள் பணத்தில் வாங்கிய கம்பெனிப் பங்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கம்பெனி போட்டதையும் மூன்று வருட சர்வீஸ் முடிந்தால் மாற்றலாம். 2006ம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. கணக்குக்கு உள்ளேயே வேறு முதலீட்டுக்கு மாற்றினால் வரியும் இல்லை. மொத்தச் சேமிப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் கம்பெனிப் பங்கில் வைக்காதீர்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் போடுங்கள். தயவுசெய்து இந்த வாரமே சேமிப்புக் கணக்கு அறிக்கையை எடுத்து ஒரு முறை பாருங்கள்.

தம்பி "விலை கொஞ்சம் ஏறட்டும் அக்கா, வித்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கணவன் மனைவி கூட்டாகப் போடும் வரி ரிட்டர்ன், மனைவியும் கையெழுத்துப் போட வர வேண்டும். அப்போது பேச்சை மறுபடி எடுப்பேன்.