மூத்திரம் நல்லாப் போகுதாம், அதனால் புற்றுநோய் இல்லையாம்!

இந்தக் குளிர்காலத்திலும் ஒருவர் அப்படித்தான் வந்தார். முதுகு வலிக்கு மாதக்கணக்கில் தைலம் தேய்த்துவிட்டு, இரண்டு காலும் விழுந்த பிறகு ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார். தோட்டத்தில் கவாத்து வெட்டின முதுகு, கேரட் மூட்டை தூக்கின முதுகு, வலிக்கத்தானே செய்யும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பி விடும் புரதம், அங்கே புற்றுநோய் வந்தால் ஏறும்) பார்த்தால் நூறைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. "மூத்திரத்துல ஏதாச்சும் தொந்தரவு இருந்துச்சாய்யா?" என்று கேட்டால், "அதெல்லாம் நல்லாத்தான் போச்சுங்க டாக்டர்" என்கிறார். பக்கத்தில் நிற்கும் மகனும் அதையே சொல்கிறார், ஏதோ நல்ல சேதி சொல்வதைப்போல.

மூத்திரம் நல்லாப் போகிறது என்பதற்கும் புராஸ்டேட்டில் புற்றுநோய் இல்லை என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் ஏறுவதில்லை. ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

புராஸ்டேட் சுரப்பி மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிறது. அதன் நடுவில் புகுந்துதான் மூத்திரக் குழாய் வெளியே வருகிறது. இளவயதில் இருபது கிராம் எடை இருந்தால் அதிகம். வயது ஏற ஏற வீங்குவது அதன் உள்பகுதி. குழாயை ஒட்டி இருப்பதால் அது வீங்கினால் குழாய் நெருங்கும், மூத்திரம் சொட்டும், முக்க வேண்டியிருக்கும், ராத்திரி நாலு தடவை எழ வேண்டியிருக்கும். இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. புற்றுநோயோ பத்தில் ஏழு பேருக்கு வெளிப்பகுதியில், மலக்குடலை ஒட்டின பக்கம் தொடங்குகிறது. அங்கே நெருக்குவதற்குக் குழாய் இல்லை, அதனால் ஆரம்பத்தில் வலி இல்லை, எரிச்சல் இல்லை, சொட்டுவதும் இல்லை. அது குழாயை நெருக்கும் அளவுக்கு வளர்வதற்குள் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

மூத்திரத் தொந்தரவோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குச் சாதாரண வீக்கம்தான். ஆரம்பநிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தொந்தரவே இருக்காது. தொந்தரவு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் தப்பான வாசலில் காவல் நிற்கிறார்.

இதன் தம்பி ஒரு நம்பிக்கை உண்டு: "எனக்குத்தான் ஏற்கெனவே புராஸ்டேட் ஆபரேஷன் ஆயிடுச்சே டாக்டர், இனிமே எங்க வரும்?" மரத்தக்காளியை இரண்டாக வெட்டி, ஸ்பூனால் உள்ளே இருப்பதைச் சுரண்டித் தின்கிறோம், தோல் அப்படியே கையில் இருக்கிறது இல்லையா? மூத்திர அடைப்புக்காகக் குழாய் வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை அந்த மாதிரிதான். சுரண்டி எடுப்பது உள்பகுதியை. புற்றுநோய் வரும் வெளிப்பகுதி அங்கேயே இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் வரும்.

நீலகிரியில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கையில் இருக்கிறது: குளிர். ராத்திரி நாலு தடவை எழுந்தால் குளிர். சொட்டினால் குளிர். இடுப்பு வலித்தால் அதுவும் குளிர். குளிரில் மூத்திரம் கூடுதலாகப் போவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் இறங்கி, ஃபேன் போட்டுப் படுத்த ராத்திரியிலும் நாலு தடவை எழுந்தீர்கள் என்றால் குளிரை ஏன் இழுக்கிறீர்கள்? சர்க்கரையைப் பாருங்கள், புராஸ்டேட்டையும் காட்டுங்கள்.

போகிற போக்கில் ஒன்று. புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் சளி மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். மூக்கடைப்பைத் திறக்கும் ஃபினைலெஃப்ரின், தும்மலை நிறுத்தும் குளோர்ஃபெனிரமின் இரண்டும் சேர்ந்த மாத்திரைகள் அவை. முதல் மருந்து மூத்திரப்பையின் வாயை இறுக்கும், இரண்டாவது பையின் தசையைத் தளர்த்தும். விடியற்காலையில் அடிவயிறு கல்லாகி, சொட்டு மூத்திரம் போகாமல் டியூப் போட வருவார்கள். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் இது வாடிக்கை.

சரி, யார் டெஸ்ட் செய்துகொள்ள வேண்டும்? 50 வயதுக்கு மேல், இன்னும் பத்துப் பதினைந்து வருடமாவது நல்லபடி வாழக்கூடிய உடல்நிலை உள்ளவர்கள், டாக்டரிடம் லாப நஷ்டம் பேசிவிட்டு ஒரு பிஎஸ்ஏ பார்க்கலாம். அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் 45 வயதிலேயே பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அம்மா, அக்கா, தங்கை வழியில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்தாலும் சொல்லுங்கள். பிஆர்சிஏ-2 என்ற மரபணுக் கோளாறு பெண்களுக்கு மட்டும் உரியதல்ல.

இன்னொரு பக்கம், முழு உடல் பரிசோதனை என்று பேக்கேஜ் போட்டு, 82 வயதுத் தாத்தாவுக்கும் பிஎஸ்ஏ பார்த்து, 5.8 என்ற எண்ணில் சிவப்புக் கோடு போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஹட்டியே, அதாவது ஊரே, திரண்டு ஜீப்பில் வந்துவிடுகிறது. 70 வயதைத் தாண்டியவருக்கு 6.5 வரை பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. தொந்தரவு எதுவும் இல்லாத அந்த வயதில் தேடிப்போய்ப் பார்க்கவே வேண்டியதில்லை. 4 வரைதான் சரி என்ற கோட்டை எல்லா வயதுக்கும் ஒன்றாகப் போடுவதில்தான் குழப்பம். நாற்பதுகளில் 2.5 தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

பிஎஸ்ஏ புற்றுநோய் டெஸ்ட் அல்ல, புராஸ்டேட் டெஸ்ட். சாதாரண வீக்கத்திலும் ஏறும், மூத்திரத் தொற்றிலும் ஏறும், டியூப் போட்டாலும் ஏறும். 4-லிருந்து 10-க்குள் இருப்பவர்களுக்கு பயாப்சி (ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பது) செய்தால் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். ஆகவே ரத்தம் கொடுக்கும் முன் சில விஷயங்கள். மூத்திரத் தொற்று வந்திருந்தால் ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள். முந்தைய இரண்டு நாள் தாம்பத்திய உறவு வேண்டாம், சைக்கிள் வேண்டாம். ஏறியிருந்தால் சில வாரம் விட்டு அதே லேபில் திரும்பப் பாருங்கள். லேபுக்கு லேப் எண் கொஞ்சம் மாறும். வீக்கத்துக்காக ஃபினாஸ்டிரைடோ டூடாஸ்டிரைடோ ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவர்களுக்கு பிஎஸ்ஏ பாதியாகக் குறைந்து காட்டும். வந்த எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 3 என்று பார்த்து நிம்மதியாகப் போனவர்களுக்கு உண்மையில் அது 6. மாத்திரை விஷயத்தைச் சொல்லாமல் மறைத்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு வெட்கப்படுகிறார்கள். அரை நிமிட வேலை. பிஎஸ்ஏ ஏறாமலே கட்டியாகும் நோயும் உண்டு, அதை விரல்தான் சொல்லும்.

சந்தேகம் இருந்தால் முதலில் எம்ஆர்ஐ. சந்தேக அளவை 1 முதல் 5 வரை எண் போட்டுக் கொடுப்பார்கள். 4, 5 என்றால் பயாப்சி வேண்டும். 3 என்றால் பிஎஸ்ஏவையும் சுரப்பியின் அளவையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வோம். இங்கேதான் அடுத்த கூப்பாடு: "ஊசி குத்தினா பரவிடும், கத்தி பட்டா பரவிடும்." புராஸ்டேட்டில் ஊசி போன வழியாக நோய் பரவுவது மிக மிக அரிது. பயாப்சி செய்த பின் எலும்பில் தெரிகிறது என்றால், செய்வதற்கு முன்பே அங்கே போயிருந்தது என்று அர்த்தம். பயாப்சி வேண்டாம் என்று ஓடிப்போய், வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் ஒரு வருடம் குடித்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது கோபம் வராது, வயிறுதான் எரியும். சாறு குடிப்பதில் ஒரு தப்பும் இல்லை. குடித்துக்கொண்டே பயாப்சிக்கு வாருங்கள்.

வழக்கமாகப் பன்னிரண்டு இடத்தில் சதை எடுப்பார்கள். எம்ஆர்ஐயில் தெரிந்த இடத்தில் கூடுதலாக இரண்டு மூன்று. குளோபிடோகிரல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை இதய டாக்டரைக் கேட்டு ஐந்து நாள் முதல் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. பிறகு சில நாள் மூத்திரத்திலும் மலத்திலும் ரத்தம் தெரியும், விந்தில் சில வாரம் வரைக்கும்கூட. அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. மலக்குடல் வழியாக ஊசி போட்டவர்களில் சிலருக்குக் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். கோயம்புத்தூரில் பயாப்சி முடித்து, அன்றைக்கே பஸ் ஏறிக் கோத்தகிரிக்கோ மஞ்சூருக்கோ வந்துவிடுகிறார்கள். ராத்திரி உடம்பு தூக்கிப் போடுகிறது. வீட்டில் என்ன செய்கிறார்கள்? குளிர் என்று இன்னொரு கம்பளி போர்த்திவிடுகிறார்கள்! பயாப்சி ஆன வாரத்தில் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 தாண்டினால் விடியும் வரை காத்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் "பயாப்சி செய்திருக்கிறோம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முடிந்தால் முதல் ராத்திரி கீழேயே தங்குங்கள். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் தோல் வழியாக எடுக்கும் முறையில் இந்தத் தொற்று வெகுவாகக் குறைவு. அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பயாப்சி ரிப்போர்ட்டில், நோய் எவ்வளவு முரடு என்று சொல்லும் கிளீசன் எண் 6 என்று வந்தால், "பத்துக்கு ஆறு, பாதி தாண்டிடுச்சு" என்று அழுகிறார்கள். இந்தக் கணக்கே 6-இல்தான் ஆரம்பம். அதுதான் மிகச் சாதுவான வகை. 7-இல் இரண்டு உண்டு: 3+4 கொஞ்சம் தேவலை, 4+3 கொஞ்சம் முரடு. 8, 9, 10 எல்லாம் வேகமானவை.

கிளீசன் 6, பிஎஸ்ஏ 10-க்குக் கீழே, கட்டி சுரப்பிக்குள்ளேயே என்றால் பல பேருக்கு உடனே எதுவும் செய்ய வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிஎஸ்ஏ, வருடம் ஒரு முறை விரல் பரிசோதனை, ஏறக்குறைய ஒரு வருடத்தில் மறு பயாப்சி. சும்மா விடுவது வேறு, கண்காணிப்பது வேறு. தேதி தவறினால் கண்காணிப்பு இல்லை. பிரிட்டனில் 1,643 பேரை மூன்று பிரிவாக்கிக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று 15 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் 100-க்கு மூன்று பேர் அளவுதான். "ஒண்ணும் செய்யாம விடுறாங்களே" என்று மகன்கள் சண்டைக்கு வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறுவை என்றால் சுரப்பியை மொத்தமாக எடுப்பது. ஒன்றிரண்டு வாரம் டியூப் இருக்கும். டியூப் எடுத்ததும் மூத்திரம் கசியும், பேட் வைக்க வேண்டும், இடுப்புத்தள உடற்பயிற்சி செய்தால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் கட்டுக்குள் வரும். விறைப்புத்தன்மை குறைவதைப் பற்றி ஆபரேஷனுக்கு முன்பே கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். பிஎஸ்ஏ 0.1-க்குக் கீழே இறங்க வேண்டும். கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தவர்களுக்கு அப்படிப் பூஜ்யமாகாது, மெதுவாகத்தான் இறங்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பதறாதீர்கள்.

கரண்ட் என்று எல்லோரும் சொல்லும் கதிர்வீச்சில் மலைக்காரர்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை நாள்? பழைய கணக்குக்கு 37, 38 தடவை, ஏழெட்டு வாரம். பல பேருக்கு 20 தடவையில், நாலு வாரத்தில் அதே பலன் கிடைக்கிறது. பொருத்தமானவர்களுக்கு ஐந்தே தடவையிலும் முடியும். ஊட்டியிலிருந்து கோவை போய்வர ஒரு பகல் போய்விடும். ஏப்ரல், மே சீசனில் காட் ரோடு எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் மூத்திரப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அதை அடக்கிக்கொண்டு போக முடியுமா? கீழே ரூம் எடுத்துத் தங்குவதே நல்லது. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கேரளப் பக்கம் போனால், எம்ஆர்ஐ சிடியையும் பயாப்சி ஸ்லைடையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

நோய் பரவியவர்களுக்கு ஆண் ஹார்மோனை நிறுத்துவதுதான் அடிப்படை வைத்தியம். 1941-இல் டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டிய வழி, 1966-இல் நோபல் பரிசு பெற்றது. ஊசியாகப் போடலாம், அல்லது விதைகளை எடுத்துவிடலாம். பலன் ஒன்றே. ஊசியை மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ தவறாமல் போட வேண்டும். ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு மூடினால் நாள் தள்ளிப்போகும். வந்துபோக முடியாதவர்களுக்கு விதை நீக்கம் ஒரே நாள் வேலை. குரல் மாறாது, மீசை உதிராது. ஜனவரி ராத்திரியிலும் திடீரென்று வியர்த்துக் கொட்டும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். அதற்குக் கால்சியமும் நடையும் கண்காணிப்பும் வேண்டும். இப்போது வெறும் ஊசியோடு நிறுத்துவதில்லை. அபிராட்டிரோன் போன்ற மாத்திரையோ கீமோவோ ஆரம்பத்திலேயே சேர்க்கிறோம். அபிராட்டிரோனை வெறும் வயிற்றில்தான் விழுங்க வேண்டும், கூடவே கொடுக்கும் ஸ்டீராய்டை விடக் கூடாது.

முதல் ஊசியில் ஹார்மோன் இறங்கும் முன் ஒரு வாரம் ஏறும். முதுகெலும்பில் கட்டி இருப்பவருக்கு அந்த ஒரு வாரமே கால்களை முடக்கிவிடும். அதனால்தான் முன்கூட்டியே அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் பைகலூட்டமைடு மாத்திரை தருகிறோம், அவசரமென்றால் விதை நீக்கத்தையோ, ஹார்மோனை ஏற்றாமலே இறக்கும் டெகரெலிக்ஸ் ஊசியையோ தேர்ந்தெடுக்கிறோம். மாத்திரையை "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று தள்ளாதீர்கள்.

ஐம்பது தாண்டிய ஆணுக்குப் படுத்தாலும் குறையாத, ராத்திரியில் கூடும் முதுகு வலி இருந்தால் தைலத்தை ஓரம் வைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கால் மரத்தாலோ, படியேறத் தடுமாறினாலோ, மலம், மூத்திரம் தெரியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. நடக்கும் நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள். கால் முழுக்க விழுந்து இரண்டு நாள் கழித்து வந்தால் அது திரும்புவது அபூர்வம்.

பணத்துக்காகத் தள்ளிப்போடுபவர்களுக்கு: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் வேண்டும். அட்டையை நோய் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். பிஎஸ்ஏ ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே கவரில் போட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும் அதிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால், அண்ணன் தம்பிகளுக்கும் 45 தாண்டிய மகன்களுக்கும் அந்த வாரமே போன் செய்து சொல்லிவிடுங்கள்.